பெரிசா ஒண்ணும் இல்ல, டாக்டர்

மார்லிஸ் ஹவ்லிக் யார் என்று கேட்டால் ஹார்ட்விக் ஆஸ்பத்திரியின் நிர்வாகி என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும். பதினாலு படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் நிர்வாகிக்கு என்ன வேலை தெரியுமா? வரவேற்பு மேசைக்கு ஆள் வரவில்லை என்றால் அவள் உட்காருவாள். ஆம்புலன்ஸுக்கு டிரைவர் இல்லை என்றால் சாவியை எடுத்துக்கொண்டு அவள் ஓடுவாள். சனிக்கிழமை காலையில் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் புல் வெட்டுவதும் அவள்தான். வெளியூர்க்காரர்கள் யாராவது "அந்தப் புல் வெட்டுற அம்மாகிட்ட வழி கேளுங்க" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். நாங்களும் திருத்த மாட்டோம்.

நான் அங்கே சமையல்காரி. பெயர் லவோன். இருபத்தாறு வருடமாக அந்த அடுப்படியில் நிற்கிறேன். ஹார்ட்விக்கில் இருந்த ஒரே ஓட்டலும் மூடிய பிறகு, ஊர் முழுக்கக் காபி குடிக்க ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கூடத்துக்குத்தான் வருகிறது. காலை ஒன்பதரைக்கு விவசாயிகள் வந்து நீள மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். வியாழக்கிழமை சில்லி என்கிற காரமான கறிக் குழம்பும், சினமன் ரோல் என்கிற இனிப்பு ரொட்டியும். காரமும் இனிப்பும் ஒரே தட்டிலா என்று முகம் சுளிக்கிறவர் எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர் இல்லை, அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமும் இல்லை.

மார்லிஸ் பத்தொன்பது வயதில் அங்கே நோயாளிகளுக்குப் படுக்கை மாற்றும் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வருடமே எல்டனைக் கல்யாணம் செய்துகொண்டாள். எல்டன் மக்காச்சோளம் போடுகிறவன், நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மீதியை மார்லிஸ் பேசிவிடுவாள். படுக்கையிலிருந்து பதிவேட்டுக்கும், பதிவேட்டிலிருந்து நிர்வாகி நாற்காலிக்கும் வந்து சேர இருபத்தேழு வருடம் ஆனது. இப்போது அறுபத்தொன்று. ஆஸ்பத்திரிச் சாவிக்கொத்தைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பாள். குளிக்கும்போதாவது கழற்றுவாளா என்று ஒருமுறை எல்டனிடம் கேட்டேன். "தெரியல" என்றான். அன்றைக்கு அவன் கோட்டா அதோடு முடிந்தது.

நான் சொல்ல வந்தது எங்களை ஒரு வழி பண்ணிய அந்த வருடத்தைப் பற்றி.

பிப்ரவரிக் குளிரில், கட்டடத்தைச் சூடாக்குகிற வெந்நீர்க் கொதிகலன் வெடித்தது. சர்ச்சுப் பெண்கள் வீட்டிலிருந்த போர்வையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். ஏப்ரலில் எங்கள் பழைய டாக்டர் முழங்கால் இரண்டும் போய், அரிசோனாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முப்பத்துநாலு வருடம் இருந்த மனிதர், ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். மே மாதம் இரண்டு நர்ஸுகள் நகரத்துக்குக் கிளம்பினார்கள். ஜூனில் ஆலங்கட்டி மழை கூரையைப் பொத்தலாக்கியது. ஒழுகுகிற இடத்திலெல்லாம் வைக்க மார்லிஸ் என் சூப்புப் பானைகளைத் தூக்கிக்கொண்டு போனாள். சண்டை போட்டேன். அவள் காதில் விழவில்லை. அன்றைக்கு நோயாளிகளுக்கு ரொட்டியும் சீஸும்தான்.

ஜூலையில் ஆஸ்பத்திரிக் குழு கூடியது. ஐந்து பேர், எல்லாரும் எங்கள் ஊர்தான், கெட்டவர்கள் இல்லை. அக்டோபர் கடைசிக்குள் நிரந்தரமாக ஒரு டாக்டர் கையெழுத்துப் போடாவிட்டால் அவசரப் பிரிவை மூடிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். அதை மூடினால் மற்றது தானாக மூடும். அடுத்த ஆஸ்பத்திரி எழுபது மைல். மார்லிஸ் கூட்டம் முடிந்து என் அடுப்படிக்கு வந்து ஒரு ரோலை நின்றபடியே தின்றாள். "அக்டோபர் வரைக்கும் இருக்கே, நிறைய நாள்" என்றாள். அவள் கை மட்டும் சாவிக்கொத்தை விடவே இல்லை.

முதலில் ஒரு தற்காலிக டாக்டர் வந்தார். பாவம், நல்ல மனிதர். எங்கள் ஊர் அவரைச் சும்மா விடவில்லை. மளிகைக் கடையில் ஒருத்தி செருப்பைக் கழற்றிக் காலாணியைக் காட்டினாள். ஓர்வில் டெப்லி என்று ஒருவன் இருக்கிறான், பன்றிப் பண்ணை வைத்திருப்பவன். அவன் பெட்ரோல் பங்கில் சட்டையைத் தூக்கி முதுகில் இருக்கும் மச்சத்தைப் பார்க்கச் சொன்னான். நாலாம் நாள் டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதனால் ஆகஸ்டில் டாக்டர் சிமோன் கார்வர் வருகிறார் என்று தெரிந்ததும் மார்லிஸ் முன்னெச்சரிக்கையாக இருந்தாள். முப்பத்திரண்டு வயதுப் பெண், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து. அறுபது நாள் இருந்து பார்ப்பார், பிடித்தால் மூன்று வருடத்துக்குக் கையெழுத்து. அந்த ஞாயிற்றுக்கிழமை மார்லிஸ் ஒன்பது மணிக்கு லூத்தரன் சர்ச்சிலும் பத்தரைக்குக் கத்தோலிக்க சர்ச்சிலும் எழுந்து நின்றாள்.

"புது டாக்டர் வருது. சின்னப் பொண்ணு, ரொம்ப தூரத்துலேருந்து வருது. போன தடவை மாதிரி பண்ணி வெக்காதீங்க. அதைத் தொந்தரவு பண்ணாதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்" என்றாள்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கால் ஒடிந்தவன்கூட "இருக்கட்டும், அவங்களுக்கு வேற வேலை இருக்கும்" என்று நொண்டிக்கொண்டு நடப்பான். அடுத்தவருக்குப் பாரமாக இருப்பதைவிடச் செத்துப்போவது மரியாதை என்று நினைக்கிற ஜனம். இவர்களிடம் போய் ஒருத்தி, அதுவும் மார்லிஸ், தொந்தரவு செய்யாதே என்று சொன்னால் என்ன ஆகும்? எனக்கே தோன்றவில்லை. அந்த அழகில் அவளை மட்டும் குறை சொல்லி என்ன.

டாக்டர் கார்வர் வந்தார். ஒல்லி, வேகமான நடை, கூர்மையான பார்வை. முதல் வாரம் யாரும் வரவில்லை, ஊர் அமைதியாக இருக்கிறது என்று நினைத்தோம். இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் ஒரு குழந்தை மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்டது, அதோடு சரி.

ஐந்தாம் வாரம், புதன்கிழமை காலை. கூடத்தில் இருபது பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் என் அடுப்படிக்குள் வந்து உருளைக்கிழங்குக் கூடை பக்கத்தில் உட்கார்ந்தார்.

"லவோன், நான் தோல் உரிக்கட்டுமா? எனக்கு வேற வேலை இல்ல."

"டாக்டர் உரிச்ச கிழங்கைத் திங்கிற அளவுக்கு இங்க யாருக்குக் கொடுப்பினை இருக்கு? படுத்திருக்கறதே ரெண்டு பேர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இவங்களுக்கு என்னைப் பிடிக்கல, இல்லையா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டாம். கூடம் நிறைய ஆளுங்க இருக்காங்க. நான் உள்ள வந்தா எழுந்து தொப்பிய எடுக்கிறாங்க, பேச்சை நிறுத்திடுறாங்க. என் அறைக்கு ஒருத்தர் வரல. நான் காபி குடிக்க வரல லவோன், வைத்தியம் பண்ண வந்தேன்." ஒரு கிழங்கை எடுத்து, உரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அறுபது நாள் முடிஞ்சதும் கிளம்பிடலாம்னு இருக்கேன். மார்லிஸ்கிட்ட இன்னும் சொல்லல. அவங்க முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வாயில் ரகசியம் தங்காதவள் நான். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் மார்லிஸின் அறைக்கு ஓடினேன். சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"பிடிக்கலையா? யாருக்குப் பிடிக்கல?" என்றாள். "நம்ம ஆளுங்க தொப்பிய எடுக்கிறது பாதிரியாருக்கும் சவ ஊர்வலத்துக்கும்தான். அந்தப் பொண்ணுக்கு எடுக்கிறாங்கன்னா தலையில தூக்கி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

"அதை அந்தப் பொண்ணுகிட்ட யார் சொல்றது?"

அப்போது கதவைத் தட்டாமல் கஸ் போஸ்பிசில் உள்ளே வந்தான். கஸ் எங்கள் ஊர் மாட்டு டாக்டர். பூட்ஸில் சாணி, வாயில் வசவு.

"மார்லிஸ், உன் ஆஸ்பத்திரியில டாக்டர் இருக்காங்களா, இல்லையா?"

"இருக்காங்க. ஏன்?"

"அப்ப என் வாசல்ல எதுக்கு மனுசங்க நிக்கிறாங்க? இந்த வாரம் மட்டும் ஆறு பேர். நேத்து ஓர்வில் வந்து பன்னிக்குட்டிக்குப் புண்ணுக்கு மருந்து வேணும்னான். குட்டி எங்கடான்னா கையை நீட்டுறான். பன்னெண்டு நாளா கறுப்பு டேப்பைச் சுத்தி வெச்சிருக்கான், உள்ள சீழ். நான் மனுசன் மேல கை வெச்சா என் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போடான்னு துரத்தினா, 'டாக்டரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மார்லிஸ் சொல்லியிருக்கா'ங்கிறான். எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் மூணு நாலு நாளைக்குத்தான்டா சொன்னேன்."

"நாள் கணக்கு நீ சொல்லல. நானும் அங்கதான் இருந்தேன்" என்றான் கஸ்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நேராகக் கூடத்துக்குப் போய் நீள மேசையில் கரண்டியால் தட்டி ஒரு ஆட்டம் ஆடலாம் என்று கிளம்பினேன். மார்லிஸ் தடுத்தாள். "இருபது பேர்கிட்ட சொன்னா இருபது விதமாப் போகும். நான் எல்லார்கிட்டயும் ஒரே வாயால சொன்னேன், ஒரே வாயாலதான் திருப்பி எடுக்கணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஃபுட்பால், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் நாட்டு ஆட்டம். பதினொரு பேருக்குப் பதில் எட்டுப் பேர், அதற்கு மேல் எங்களிடம் பையன்கள் இல்லை. வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், பிக்கப் வண்டிகளை மைதானத்தைச் சுற்றி நிறுத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து பார்ப்பார்கள். இடைவேளையில் மார்லிஸ் அறிவிப்பாளர் கூண்டுக்குள் ஏறி மைக்கை வாங்கிக்கொண்டாள். டாக்டர் கார்வரை நான்தான் பாப்கார்ன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக் கூட்டிப் போயிருந்தேன். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

"நான் மார்லிஸ் பேசறேன். ஆகஸ்டுல புது டாக்டரைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொன்னேன். தப்பு என்னோடது. நீங்க மரியாதைன்னு நெனச்சு ஒதுங்கி நிக்கிறீங்க. அந்தப் பொண்ணு, இந்த ஊருக்கு நான் வேண்டாம் போலன்னு நெனச்சுப் பெட்டி கட்டுது. அது போனா ஆஸ்பத்திரி போச்சு. இனிமே யாருக்கு என்ன ஆனாலும் எழுபது மைல் ஓடணும், அதுவும் பனிக்காலத்துல. திங்கக்கிழமை காலையில எல்லாரும் வரணும். பெரிசா ஒண்ணும் இல்லன்னு நெனைக்கிறவங்க முதல்ல வாங்க. ஓர்வில், கையைப் பாக்கெட்ல ஒளிக்காத, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மார்லிஸ் மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இன்னொன்று அடித்தது. அப்புறம் எல்லா வண்டிகளும். எங்கள் பையன்கள் பந்தை எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால்தான் அப்படி அடிப்பது வழக்கம், அந்த வருடம் அதிகம் கேட்காத சத்தம். டாக்டர் பாப்கார்னைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தானா தொப்பிய எடுத்தாங்க?" என்றார்.

"இதுக்கேதான். எங்க ஊர் ஜனத்துக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றேன்.

ஆனாலும் அவர் தங்குகிறேன் என்று சொல்லவில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். மார்லிஸிடம் போய்ச் சொன்னேன். அவள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே வாசலில் இடமில்லை. அறுவடைக் காலத்தில், மக்காச்சோளம் வயலில் நிற்கும்போது, எங்கள் ஆட்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்றால் அதன் மதிப்பு எங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொருவரும் அறைக்குள் நுழைந்ததும் சொன்ன முதல் வார்த்தை ஒன்றேதான். பெரிசா ஒண்ணும் இல்ல, டாக்டர்.

யூனிஸ் ப்ளெகா, எண்பது வயது, ஜூலையில் ஆப்பிள் மரத்து ஏணியிலிருந்து விழுந்தவள். "மணிக்கட்டு கொஞ்சம் கோணலா இருக்கு, பெரிசா ஒண்ணும் இல்ல" என்றாள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு இரண்டாக உடைந்து தப்பாகச் சேர்ந்திருந்தது. அந்தக் கையாலேயே இரண்டு மாதமாக ஊறுகாய் போட்டிருக்கிறாள். அதில் ஒரு புட்டியை டாக்டருக்கும் கொண்டுவந்திருந்தாள்.

ஓர்விலின் கையைத் திறந்து கழுவிக் கட்டும்போது டாக்டரின் குரல் அடுப்படி வரைக்கும் கேட்டது. "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா ரெண்டு விரல் போயிருக்கும். டேப்பா? மனுசங்க கையில யாராவது டேப் ஒட்டுவாங்களா?"

ஓர்வில் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து நீள மேசையில் உட்கார்ந்தான். "என்னா திட்டு திட்டுது தெரியுமா? பழைய டாக்டர்கூட இப்படித் திட்டினது இல்ல. நல்ல டாக்டர்" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

மத்தியானத்துக்குள் முப்பது பேர். டாக்டர் நடுவில் ஓடிவந்து நின்றபடியே ஒரு கிண்ணம் சூப் குடித்தார். தலைமுடி கலைந்திருந்தது, கண்ணில் ஒரு வெளிச்சம். "இவங்கள்லாம் பைத்தியமா லவோன்?" என்றார். "ஆமா" என்றேன். சிரித்துக்கொண்டே ஓடினார்.

இரண்டு மணி இருக்கும். பின்வாசலில் எல்டன் வந்தான். தோட்டத்தில் விளைந்த பூசணிக்காய் ஒரு மூட்டை எனக்குக் கொண்டுவந்திருந்தான். மூட்டையை இறக்கிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தான். வேலை நேரத்தில் உட்காருகிற ஆள் இல்லை அவன். திரும்பிப் பார்த்தேன். முகம் சாம்பல் நிறம், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்ன எல்டன்?"

"பெரிசா ஒண்ணும் இல்ல."

"நெஞ்சா?"

அவன் இடது தோளைத் தடவினான்.

"எப்பலேருந்து?"

"இது இப்பதான். சின்னதா வந்து வந்து போறது ஆகஸ்டுலேருந்து." மூச்சு வாங்கியது. "மார்லிஸ்தான் சொல்லியிருந்தாளே, தொந்தரவு பண்ண வேண்டாம்னு. நான் போய் நின்னா அவளுக்குத்தான கேவலம்."

நான் கத்தியது மைதானத்து ஹாரன்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருக்கும். டாக்டர் ஓடிவந்தார், பின்னாலேயே நர்ஸ், அவர்களுக்குப் பின்னால் நோயாளிப் பட்டியலைக் கையில் பிடித்தபடி மார்லிஸ். யார் என்று பார்த்ததும் பட்டியல் கீழே விழுந்தது.

அவள் அழவில்லை, கத்தவில்லை. கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தள்ளினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஹெலிகாப்டர் கேட்டாள், முகவரியைத் தெளிவாகச் சொன்னாள். வெளியே போய் ஹெலிகாப்டர் இறங்குகிற இடத்தில் நின்ற வண்டிகளையெல்லாம் எடுக்கச் சொன்னாள். எல்லாம் செய்துவிட்டு வந்து எல்டன் பக்கத்தில் நின்றாள்.

"மார்லிஸ், கோவிச்சுக்காத" என்றான் அவன்.

"உன்கூட நான் பேசறதா இல்ல. வாயை மூடிக்கிட்டு மூச்சு விடு" என்றாள். அவன் கையை மட்டும் விடவில்லை.

ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை டாக்டர் போட்டார். அந்த இருபது நிமிடம் நான் கதவோரம் நின்று மாவுக் கையோடு ஜெபம் செய்தேன், எனக்குத் தெரிந்ததும் தெரியாததும். மெல்ல எல்டனின் முகத்தில் நிறம் திரும்பியது. டாக்டர் சுவரில் சாய்ந்தார்.

"தப்பிச்சுட்டாரு. அங்க போய் அடைச்ச ரத்தக் குழாயைத் திறந்து விட்டுட்டா நல்லாயிடுவாரு" என்றார். பிறகு மார்லிஸைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "எழுபது மைல் வண்டியில போயிருந்தா வழியிலேயே முடிஞ்சிருக்கும் மார்லிஸ்."

மார்லிஸ் தலையை ஆட்டினாள். அது அவளுக்குத் தெரியாததா. அந்த ஒரு விஷயத்தைத்தானே ஜூலையிலிருந்து எல்லாரிடமும் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹெலிகாப்டரில் கூட வருகிறவருக்கு இடம் இல்லை. எல்டனை ஏற்றிக்கொண்டு அது கிளம்பியது. செய்தி கேட்டு வந்த கஸ் தன் வண்டியைக் கதவருகே கொண்டுவந்து நிறுத்தி, "ஏறு, நான் ஓட்டறேன்" என்றான். மார்லிஸ் ஏறவில்லை. கீழே கிடந்த பட்டியலை எடுத்து, தூசி தட்டி, அடுத்த பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வருடத்தில் நோயாளி காத்திருக்கும்போது அவள் அந்தக் கட்டடத்தை விட்டுப் போனதில்லை. போவது எப்படி என்றே அவளுக்குத் தெரியவில்லை.

காத்திருப்புக் கூடத்தில் இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வாசலை நோக்கி நடந்தார்கள். முன்னால் போனவர், "இன்னொரு நாள் வரோம் டாக்டர். உங்களுக்கு இன்னைக்குப் போதும்" என்றார்.

டாக்டர் கார்வர் ஓடிப்போய் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. எல்லாரும் போய் உக்காருங்க" என்றார். குரல் உடைந்திருந்தது. "இந்த ஊர்ல யாரும் இனிமே பெரிசா ஒண்ணும் இல்லன்னு என்கிட்ட சொல்லக் கூடாது. உக்காருங்க."

பதினேழு பேரும் உட்கார்ந்தார்கள்.

டாக்டர் திரும்பி மார்லிஸின் கையிலிருந்து பட்டியலை வாங்கிக்கொண்டார். "நீங்க எல்டன்கிட்ட போங்க. இதை நான் பாத்துக்கறேன்."

மார்லிஸ் அவரை உற்றுப் பார்த்தாள். கணவன் ஆகாயத்தில் போய்க்கொண்டிருக்கிறான், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, அப்போதும் அவள் மார்லிஸ்தான்.

"இன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு மட்டும் இல்ல. போங்க."

மார்லிஸ் கழுத்துக் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றி, சாவிக்கொத்தை டாக்டரின் கழுத்தில் போட்டாள். பிறகு ஓடிப்போய் கஸ்ஸின் வண்டியில் ஏறினாள். எனக்கு அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை.